உப்புவெளித் தொட்டியும் இரண்டு முள்ளெலிகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

"தம்பி, முள்ளு கொட்டுது. பத்துப் பன்னிரண்டு முள்ளு தொட்டிக்கு அடியில கிடக்கு. ஒருக்கா வந்து பாருங்கோ."

நவம்பர் 25ஆம் திகதி இரவு ஒன்பது மணிக்கு சேர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். வெளியே ஐந்து நாளாக மழை. அவருடைய வீடு உப்புவெளிக் கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே தள்ளி இருக்கிறது. நான் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது கடல் முள்ளெலி (சீ அர்ச்சின்) கடல்நீர் மீன்தொட்டியின் பின்பக்க மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. நல்ல நாளில் அதன் நீள முள்கள் நாலா பக்கமும் விறைத்து நின்று மெல்ல அசைந்தபடி இருக்கும். அன்று நனைந்த தும்புத்தடி மாதிரி எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. விளக்குக்கும் அதற்கும் நடுவே கையை ஆட்டினேன். இந்த இனம் நிழலுக்கு மிகவும் கூச்சப்படும். நிழல் விழுந்த பக்கம் உடனே முள்ளைத் திருப்பும். ஒன்றுகூடத் திரும்பவில்லை. மறுநாள் மதியம் செத்துப்போனது.

சேர் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எதையும் சீஆர் கொப்பியில் திகதி போட்டு எழுதுவார். நான் திருகோணமலையில் நாலைந்து வீட்டுக் கடல்நீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவன். அவருடைய கொப்பியையும் நான் எடுத்த அளவுகளையும் வைத்து இதை எழுதுகிறேன். முள்ளெலி போடலாம் என்று சொன்னது நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொட்டி

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், 20 அங்குல உயரம். கணக்குப்படி 280 லீற்றர். மணலும் கல்லும் போக 240 லீற்றர் தண்ணீர் நிற்கும். ஒரு சோடி கோமாளி மீன், இரண்டு சின்ன நீல மீன், ஒரு தோல் முருகை, காளான் முருகைத் துண்டுகள் சில. முருகைகள் எல்லாம் கொழும்பில் தொட்டி வைத்திருக்கும் ஒருவர் தன் தொட்டியிலேயே வெட்டி வளர்த்துக் கொடுத்தவை. கடலில் முருகைக்கல் உடைத்தெடுப்பது சட்டப்படி குற்றம். புறாத்தீவுப் பக்கம் என்றால் பேச்சே இல்லை. 2003 முதல் அது தேசியப் பூங்கா, ஒரு சிப்பியைக்கூட எடுத்து வரக்கூடாது.

வெளிநாட்டுக் கையேடுகள் ஹீற்றரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். எங்களுக்குப் பிரச்சினை நேர் எதிர். தண்ணீர் சும்மாவே 29, 30 பாகையில் நிற்கும். மின்விசிறி ஒன்று தண்ணீரின் மேல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஊதினால் தண்ணீர் ஆவியாகும். சாதாரண நாளில் மூன்று லீற்றர், கச்சான் காற்று அடித்தால் நாலுக்கும் மேல். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அந்த இடத்தை நன்னீரால் நிரப்ப வேண்டும். சேர் வடிகட்டிய ஆர்ஓ தண்ணீர்தான் விட்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கல்லைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ரீச்சருடைய (சேரின் மனைவியும் ஆசிரியைதான்) தாய்வீட்டு மதிலை இடித்தபோது கிடைத்த பழைய முருகைக்கற்கள் அவை. அந்தக் காலத்து வீடுகளுக்கு மதிலும் அத்திவாரமும் முருகைக்கல்தான். சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டி, வெயிலில் போட்டு, கழுவி அடுக்கியிருந்தார். பார்க்க அழகாக இருந்தது. கடலுக்கும் பாதகமில்லை, காசும் மிச்சம் என்று நானும் மெச்சினேன். அந்த மதில் எங்கே நின்றது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பாசி

சித்திரையில் தொட்டி ஓடத் தொடங்கியது. ஆடி பிறக்கும்போது கல்லெல்லாம் பச்சை மயிர். நாலைந்து சென்ரிமீற்றர் நீளம், தண்ணீர் ஓடும் பக்கமெல்லாம் படிந்து படிந்து எழும்பும். கையால் பிடுங்கினால் ஒரு கோப்பை நிறைய வரும். பத்து நாளில் பழையபடி. சுருட்டை நத்தைகள் ஆறு போட்டோம். அவை கண்ணாடியை மினுக்கின, மயிர்ப்பாசியைத் தொடவில்லை. நீளமாக வளர்ந்த பிறகு நத்தைகளுக்கு அது ஆகாது.

இதில் சேரைக் குழப்பியது சோதனைக் குப்பி. பொசுபேற்று லீற்றருக்கு 0.03 மில்லிகிராம், நைத்திரேற்று 5. இரண்டும் நல்ல எண்கள். "தண்ணியில சாப்பாடே இல்லை, பிறகெப்படி இது வளருது?" என்று கேட்டார். சம்பளம் வந்த அன்றே செலவாகிப் போனால் வங்கிப் புத்தகத்தில் பூச்சியம்தான் தெரியும், அதற்காக வருமானம் இல்லை என்றாகுமா? வருவதை எல்லாம் பாசி அந்தந்த நிமிடமே இழுத்துக்கொள்கிறது. குப்பி காட்டுவது அது தின்று மிஞ்சியதை.

இதைச் சொன்ன நானே அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்: வரவு எங்கேயிருந்து? கேட்கவில்லை. அதற்குப் பதில், "ஒரு முள்ளெலி போடுவோம் சேர், பிரச்சினை முடிஞ்சுது" என்றேன்.

முதலாவது

பாடப்புத்தகத்தில் அது கடல் முள்ளெலி, முட்தோலிக் கூட்டம், உடுமீனுக்கும் கடலட்டைக்கும் சொந்தம். மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடையில் 'அர்ச்சின்' என்றால்தான் விளங்கும். செப்ரெம்பர் 8ஆம் திகதி எங்களுக்குக் கிடைத்தது டயடீமா செட்டோசம், நீள முள் கறுப்பன். அலங்கார மீன் பிடிக்க உரிமம் உள்ள சுழியோடி அண்ணை ஒருவர் கொண்டுவந்து தந்தார். ஓடு நாலு சென்ரிமீற்றர், முள் அதைவிட இரண்டு மடங்கு. சின்ன வயசு என்பதால் முள்ளில் வெள்ளை வளையங்கள் இருந்தன. முதுகில் ஐந்து வெள்ளைப் பொட்டு, நடுவில் செம்மஞ்சள் வளையம். அந்த வளையத்தைக் கண் என்று நினைக்காத ஆள் இல்லை. அது அதன் மலவாய். வாய் அடியில்.

அந்த வாய்தான் இவ்வளவு ஆரவாரத்துக்கும் காரணம். உள்ளே ஐந்து பற்கள், அவற்றை ஆட்டும் தசைகளும் சுண்ணாம்புச் சட்டங்களும் சேர்ந்து ஒரு கூடு. பழைய கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதை எழுதிவைத்ததால் இன்றைக்கும் 'அரிஸ்டாட்டிலின் விளக்கு' என்றுதான் பெயர். பற்கள் தேயத் தேய வளரும், தேயும்போதே கூர்மையும் ஆகும். நத்தை பாசியின் நுனியை நக்கினால் முள்ளெலி கல்லோடு சேர்த்துச் சுரண்டும். வேர்மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கும் அடிப்பாகமும் அதோடு போய்விடும்.

முதல் கிழமை சேர் நித்திரை கொள்ளவில்லை என்றே சொல்லலாம். இது இரவில் மேயும் சாதி. ரோச்சில் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழும்பிப் பார்த்திருக்கிறார். ஓர் இரவு என்னையும் மறித்து வைத்துக் காட்டினார். முள்ளின் மேல் நடப்பதுபோல் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் முள்ளுக்கிடையில் நூல்மாதிரி நூற்றுக்கணக்கான குழாய்க் கால்கள் நீண்டு, நுனி உறிஞ்சியால் கல்லைப் பிடித்து உடலை இழுக்கின்றன. காதைக் கண்ணாடியில் வைத்தால் கிர்ர், கிர்ர் என்று மெல்லிய சத்தம், தேங்காய் துருவும் சத்தத்தின் குழந்தை. காலையில் கல்லைப் பார்த்தால் பாசி போன இடத்தில் ஐந்து கீறல் சேர்ந்த நட்சத்திரங்கள், ஒன்றின்மேல் ஒன்று. கண்ணாடித் தொட்டியானதால் கவலையில்லை. அக்ரிலிக் தொட்டி என்றால் அந்த நட்சத்திரங்கள் சுவரிலும் விழும், போகவே போகாது.

இருபது நாளில் கல்லில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சது. சந்தோசம்தான். ஆனால் அதே கொப்பியில் ஒக்ரோபர் 4ஆம் திகதிக்கு நேரே பொசுபேற்று 0.18, நைத்திரேற்று 15 என்று எழுதி, சேர் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தார்.

"பாசி குறையுது, கழிவு கூடுது. உங்கட பிராணி என்ன செய்யுது தம்பி?"

மணலில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை உருண்டைகள் சிதறிக் கிடந்தன. அதுதான் பதில். பாசிக்குள் பூட்டியிருந்த சத்தை முள்ளெலி உருண்டையாக்கிக் கீழே போடுகிறது. உருண்டை கரைந்து தண்ணீருக்கே திரும்புகிறது. உருண்டையை நாங்கள் உறிஞ்சி வெளியே எடுத்தால்தான் சத்து தொட்டியை விட்டுப் போகும். எடுக்கவில்லை. ஒக்ரோபர் நடுவில் வெளிச்ச இடங்களில் சிவப்புச் சளி படர்ந்தது. அது பாசியே இல்லை, சயனோபக்ரீரியா. முள்ளெலி பெரும்பாலும் அதைச் சீண்டாது. இங்கேயும் சீண்டவில்லை, சுற்றிப் போனது.

கழிவு கூடியதால் நவம்பர் 22ஆம் திகதி சேர் பெரிய அளவில் தண்ணீர் மாற்றினார். 80 லீற்றர், வழக்கம்போல் கடற்கரையில் அள்ளியது. மூன்றாம் நாள் இரவு அந்தத் தொலைபேசி.

சாவு விசாரணை

எல்லாரும் சொல்லும் காரணம் பசி. தொட்டியில் பாசி முடிந்ததும் முள்ளெலி பட்டினியில் சாகும், உண்மையும்கூட. ஆனால் இந்தத் தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு பாசி அப்படியே நிற்கிறது. "வெட்டிப் பார்ப்பம்" என்றார் சேர். குசினி மேசையில் கடதாசி விரித்து ஓட்டைப் பிளந்தோம். குடல் சுருள் சுருளாக ஓட்டின் உட்சுவரைச் சுற்றி ஓடியது, முழுக்கப் பச்சை. இனப்பெருக்க உறுப்பின் ஐந்து கீற்றுகளும் தோடம்பழச் சுளைமாதிரி இருந்தன, சின்னதுதான், ஆனால் வற்றவில்லை. பட்டினி கிடந்த முள்ளெலி முதலில் கரைத்துத் தின்பது அந்தச் சேமிப்பைத்தான். ஆக, வயிறு நிறைந்தே செத்திருக்கிறது. ரீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தக் கத்தியை நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிப் போனார்.

அடுத்தது உப்பு. சேர் வைத்திருந்தது ஊசி ஆடும் பிளாஸ்ரிக் ஹைட்ரோமீற்றர். தொட்டித் தண்ணீரை விட்டுப் பார்த்தால் அடர்த்தி 1.025. மாற்றுவதற்கு முன்னும் 1.025, மாற்றிய பின்னும் 1.025. கொப்பியைத் திருப்பினால் சித்திரையிலிருந்தே 1.025. இவ்வளவு ஒழுக்கமான தொட்டி உலகத்தில் கிடையாது. ஊசியின் அச்சில் உப்புப் பூத்து இறுகியிருந்தது. அந்தக் கருவியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: ஊசியில் காற்றுக் குமிழ் ஒட்டினால் ஊசி மிதந்து, இருப்பதைவிடக் கூட உப்புக் காட்டும்.

என்னிடம் இருந்த ரிஃப்ராக்டோமீற்றரை (ஒளி முறிவை வைத்து உப்பை அளக்கும் கருவி) 35 உப்பளவுள்ள ஒப்பீட்டுக் கரைசலில் சரிபார்த்து வைத்தேன். தொட்டி: ஆயிரத்துக்கு 30. இருக்க வேண்டியது 35. நல்லகாலம், சேர் ஐந்து கலன் அள்ளி நாலைத்தான் ஊற்றியிருந்தார். ஐந்தாவது விறாந்தையில் இருந்தது. அதை அளந்தேன்: 25.

கணக்கு சேர் போட்டார். 240 லீற்றரில் 80 லீற்றர் 25ஆக வந்து, முடிவு 30 என்றால், மிச்சம் 160 லீற்றர் முன்பு 32.5ஆக இருந்திருக்க வேண்டும். கருவி 1.025 என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே தொட்டி குறைந்த உப்பில்தான் ஓடியிருக்கிறது. அதிலிருந்து ஒரே பின்னேரத்தில் இரண்டரை இறக்கம்.

மீனுக்கு இது பெரிய விசயமில்லை. மீன் தன் உடம்புக்குள் உப்பையும் நீரையும் தானே சமன்படுத்தும். கோமாளி மீன்கள் அன்றும் வழக்கம்போல் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. முட்தோலிகளுக்கு அந்த வசதி இல்லை. வெளியே என்ன உப்போ உள்ளேயும் அதே உப்பு. குழாய்க் கால்களை நீட்டி மடக்கும் நீர்க்குழாய்த் தொகுதிகூட மேலே உள்ள சல்லடைத் தட்டு வழியாகக் கடலோடு தொடுப்பில் இருக்கிறது. வெளியே திடீரென்று நீர்த்தால் உடம்பு முழுக்க நீர்க்கும்.

சரி, கடற்கரைத் தண்ணீர் ஏன் 25? இது எங்கள் பக்கத்துப் பிரச்சினை, எந்தக் கையேட்டிலும் இராது. வடகிழக்குப் பருவமழையில் சாம்பல்தீவுக் களப்பு நிறைந்து சல்லிப் பக்கமாகக் கடலில் விழுகிறது. தெற்கே மகாவலி கொட்டியாரக் குடாவில் கொட்டுகிறது. நன்னீர் பாரம் குறைவு, மேலேயே மிதக்கும். நாங்கள் முழங்காலளவு தண்ணீரில் நின்று கலனைச் சாய்ப்பதும் அந்த மேல்த்தட்டில்தான். மழை விட்டாலும் முழுக்கச் சரிவராது. அந்த மாதங்களில் வங்காள விரிகுடாவின் வடக்கே பெரிய ஆறுகள் கொட்டிய உப்புக் குறைந்த நீரை நீரோட்டம் எங்கள் கரையோரமாகத் தெற்கே கொண்டுவருகிறது. சித்திரையில் நம்பி அள்ளிய அதே கடலை மார்கழியில் அளக்காமல் அள்ளக்கூடாது. ஊர்ப் பெயரிலேயே உப்பை வைத்துக்கொண்டு உப்பில் ஏமாந்தோம்.

கல் பேசியது

முள்ளெலி செத்த காரணம் தெரிந்தது. பாசி வந்த காரணம்? மார்கழியில் மழைக்கு வீட்டோடு இருந்த நாட்களில் அதைப் பிடித்தோம்.

யன்னல் ஒன்று. கிழக்குப் பார்த்தது, காலை ஆறரை முதல் எட்டரை வரை வெயில் நேரே தொட்டியின் இடப்பக்கத்தில் விழும். பாசியும் இடப்பக்கத்தில்தான் அடர்த்தி. திரை போட்டதும் அது தீர்ந்தது. தீனியில் கொஞ்சம்: உறைந்த றாலைக் கரைத்த தண்ணீரோடு ஊற்றுவார். இனி அரித்துப் போடச் சொன்னேன்.

பெரிய வரவு கல்லில்தான். மதில் எங்கே நின்றது என்று அப்போதுதான் ரீச்சரிடம் கேட்டேன். "கிணத்தடியில. உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பின்னால." ஐம்பது அறுபது வருடம் சவர்க்காரத் தண்ணீரும் தென்னைக்குப் போட்ட உரமும் குடித்த மதில். சுண்ணாம்புக்கல் பொசுபேற்றை மேலில் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு தண்ணீரில் இருக்கும் அளவு குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சந்தேகம் மட்டும் போதாது என்று சேர் பரிசோதனை வைத்தார். ஆர்ஓ தண்ணீரில் செயற்கைக் கடலுப்புக் கரைத்து இரண்டு வாளி, ஒவ்வொன்றும் எட்டு லீற்றர், இரண்டுக்கும் காற்றுக்கல், இரண்டும் இருட்டில். ஒன்றில் மட்டும் மதில்கல்.

"கல்லில்லாத வாளி எதுக்கு சேர்?"

"கட்டுப்பாடு இல்லாமல் செய்தால் அதுக்குப் பேர் பரிசோதனை இல்லை தம்பி. சமையல்."

ஏழாம் நாள், வெறும் வாளியில் குப்பி நிறம் மாறவில்லை. கல் வாளியில் 0.3. பாசிக்கு நாங்கள் தனியாகச் சாப்பாடு போடவே தேவையில்லாமல் இருந்திருக்கிறது.

இதில்தான் என் பிழை எனக்கு நன்றாக விளங்கியது. முள்ளெலி அந்தக் கல்லைச் சுரண்டச் சுரண்டப் புது மேல்ப்பரப்பு வெளியே வந்து, பாசியும் புதிதாக முளைத்தது. வரவை அடைக்காமல் செலவாளியைக் கூட்டிவந்திருக்கிறேன்.

ஒவ்வொரு கல்லாக வாளியில் போட்டு அளந்து, மோசமான ஏழைத் தூக்கினோம். மிச்சத்துக்கு, பொசுபேற்றை இழுக்கும் இரும்பு ஒக்சைட்டு மணியைப் பையில் கட்டித் தண்ணீர் ஓடும் இடத்தில் வைத்தோம். உப்பை மாதம் 1 என்ற கணக்கில் மெதுவாக 35க்கு ஏற்றினோம். பங்குனி முடிவில் பொசுபேற்று 0.06. மயிர்ப்பாசி பாதியாகக் குறைந்து வெளிறியிருந்தது, ஆனால் ஒட்டிக்கொண்டே நின்றது. முள்ளெலிக்கு வேலை இருந்தது இப்போதுதான்.

இரண்டாவது

சோளகம் தொடங்கிக் கிழக்குக் கடல் படுத்த வைகாசியில், சுழியோடி அண்ணையிடம் இந்த முறை வேறு சாதி கேட்டேன்: டிரிப்நியூஸ்டஸ் கிரட்டில்லா. சாதாழைப் படுகையில் மேயும், கட்டை முள். வெள்ளையும் செம்மஞ்சளுமாக, பிரஷ்ஷை உருண்டையாகச் செய்தமாதிரி. கறுப்பனை ஒதுக்க எனக்கு இரண்டு காரணம். அதன் முள் நீளம், நஞ்சு, தொட்டால் உள்ளேயே முறியும். முதல் முறை என் விரலில் ஏறியது, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் ஒரு மணித்தியாலம் கையை வைத்த பிறகுதான் கடுப்பு அடங்கியது. இரண்டாவது, அது பகலெல்லாம் பொந்துக்குள் கிடக்கும், நாலடித் தொட்டியில் சேர் பார்க்க ஒன்றுமிராது. பூப்பூவாக விரிந்து அழகாகத் தெரியும் டொக்ஸோப்நியூஸ்டஸ் என்று ஒன்று உண்டு. அதை யார் சும்மா தந்தாலும் தொடவேண்டாம், ஆபத்தான நஞ்சு.

கிரட்டில்லாவுக்குப் பாசி தின்பதில் பேர் உண்டு. ஹவாயில் கானியோஹே விரிகுடாவின் முருகைப் பாறைகளை வெளியூர்ப் பாசி மூடியபோது, இதே இனத்தைக் குஞ்சு பொரிக்கவைத்து 2011 முதல் கடலில் விடுகிறார்கள். மறுபக்கக் கதை கரிபியனில் நடந்தது. அங்கே டயடீமா அன்டில்லாரம் 1983இல் பனாமாப் பக்கம் சாகத் தொடங்கி, ஓராண்டுக்குள் கடல் முழுக்கப் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தது. யமேக்காவில் முருகைகளின் மேல் பாசி ஏறி உட்கார்ந்துவிட்டது. 2022இல் திரும்பவும் சாவு; இந்த முறை காரணம் கண்டுபிடித்தார்கள், ஒற்றைக்கல உயிரி ஒன்று. அதன் பிறகு செங்கடலில் எங்கள் கறுப்பன் இனத்திலும் அதே நோய். இதைச் சேருக்குச் சொன்னபோது, "அப்ப இதுகள் பாறைக்குத் தோட்டக்காரர்" என்றார்.

உள்ளே விட்ட விதத்தை மட்டும் விரிவாக எழுதுகிறேன், மிச்சமெல்லாம் பொறுமைதான். பை வந்ததும் உப்பை அளந்தோம்: 34. தொட்டி 35. வாளியில் பைத் தண்ணீரோடு விட்டு, காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மூன்று மணித்தியாலம் இறக்கினோம். அப்புறம் தூக்கும்போது இழுக்கக்கூடாது. குழாய்க் கால்கள் பிடித்த இடத்திலேயே அறுந்து நிற்கும். ஐஸ்கிறீம் பெட்டி மூடியை வாளிச் சுவரோடு சரித்து மெல்லக் கீழே தள்ளினால் தானே பிடி விடும். மூடியோடு தண்ணீருக்குள்ளேயே கல்லில் இறக்கினோம்.

ஒரு நாள் அசையவில்லை. இரண்டாம் நாள் நடுப்பகலில், எல்லாரும் பார்க்கப் பார்க்க, இடப்பக்கக் கல்லில் ஏறியது. கறுப்பன் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கீறினான் என்றால் இது பாய் விரித்தமாதிரி ஒரு பட்டையாகச் சுத்தம் செய்துகொண்டு போனது. இரண்டு நாளுக்கொருமுறை சேர் குழாயை வைத்து உருண்டைகளை உறிஞ்சினார். கொப்பியில் அதற்கென்று தனிப் பத்தி. பொசுபேற்று ஆனியில் 0.09 வரை ஏறியது, ஆவணி கடைசியில் 0.04. இந்த முறை பாசியும் இறங்கியது, எண்ணும் இறங்கியது. ஆவணியில் மயிர்ப்பாசியைத் தேடித்தான் காட்ட வேண்டியிருந்தது.

சேதம் இல்லாமல் இல்லை. ஊதா நிறத்தில் கல்லில் படியும் சுண்ணாம்புப் பாசியையும் அது விட்டுவைக்காது. அழகாக மூடிவந்த இரண்டு கற்கள் வெள்ளையாகிப் போயின. குமிழ்ப்பாசி நாலைந்து இருந்தது, அப்படியே இருக்கிறது. அதோடு இந்த இனத்துக்குக் கையில் கிடைப்பதை முதுகில் தூக்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம், வெயிலுக்குத் தொப்பிமாதிரி. ஒரு காலை காளான் முருகைத் துண்டொன்றைக் காணவில்லை. அரை மணித்தியாலம் தேடிய பிறகு பார்த்தால், அது ஒட்டியிருந்த சிப்பியோடு முதுகில் ஏறி ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது. ஒட்டாமல் சும்மா வைத்த எதுவும் இந்தத் தொட்டியில் இனி அதன் சொத்து. துண்டுகள் எல்லாவற்றையும் பசையால் ஒட்டினோம்.

மழைக்காலத்துக்கு இப்போது விறாந்தையில் மூடி போட்ட நீலப் பீப்பாய் மூன்று நிற்கிறது, ஆடியில் அள்ளிய தண்ணீர், வெளிச்சம் படாமல். ஊற்றுவதற்கு முதல்நாள் காற்றுவிட்டு, அளந்து, பிறகுதான். ஹைட்ரோமீற்றரை ரீச்சர் குப்பையில் போட்டுவிட்டார். போன கார்த்திகை, மார்கழி இரண்டும் தாண்டிவிட்டன. ஒரு முள்ளும் விழவில்லை.

இப்போது கவலை வேறு. நாலு சென்ரிமீற்றரில் வந்தது எட்டரை ஆகிவிட்டது, பாசியோ கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. சுஷி சுற்றும் காய்ந்த கடற்பாசித் தாளைச் சிப்பிக்கு அடியில் செருகி வைத்து ஊட்டுகிறார் சேர். பாசி தின்ன வந்த பிராணிக்குக் கடையில் பாசி வாங்குகிறோம். சுழியோடி அண்ணை, "தாங்கோ தம்பி, எடுத்த இடத்திலயே விட்டிடுறன்" என்றார். நான் மறித்தேன். ஒரு வருடம் தொட்டியில் கிடந்ததை, அதுவும் செங்கடலில் நடந்ததைக் கேள்விப்பட்ட பிறகு, என்ன நோயோடு போகிறது என்று தெரியாமல் கடலில் விட எனக்கு மனமில்லை. நகரத்தில் ஆறடித் தொட்டி ஒன்றில் மயிர்ப்பாசி தொடங்கியிருக்கிறது. அங்கே மாற்றுவதற்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். முதலில் அந்த வீட்டுக் கல்லை வாளியில் போட்டு ஏழு நாள் பார்க்க வேண்டும்.

சேருக்கு அனுப்ப அவ்வளவு விருப்பமில்லை என்று நினைக்கிறேன். கொப்பியில் நேற்றைய பதிவு: "உப்பு 35. உருண்டை எடுத்தேன். தொப்பி: சிப்பி மூன்று, சிவப்புப் பேனை மூடி ஒன்று (என்னுடையது)."